தாளில் வெட்டிய சுங்கான்

ஒரு படத்தில் புகைக்கும் சுங்கான் இருக்கிறதா, இருந்தால் சாதாரண மனிதர் ஒருவர் அதைக் கண்டுகொள்ள முடியுமா? பாரிஸில் மூன்று நீதிபதிகள் இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டி வந்த ஒரு வழக்கில் நான் ஜூனியராக இருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, சட்டம் பயிலப் பாரிஸுக்குப் போய், அங்கேயே தொழிலில் இறங்கியிருந்த எனக்கு அது ஆரம்ப காலம். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுகளைப் பிரித்தாயிற்று. பெரும் பணம் புழங்கிய வழக்குகளும் அவற்றில் உண்டு. ஆனால் சட்டம் ஒரு பொருளை அருகில் போய் உற்றுப் பார்த்தே தீர வேண்டும் என்ற நிலை இந்த வழக்கில் வந்ததுபோல் வேறு எதிலும் வந்ததில்லை. கட்சிக்காரர்களின் பெயரையும் ஓவியரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பிக்காசோ, பிராக், ஹுவான் கிரிஸ், லெஜே ஆகிய நால்வரில் ஒருவர் அந்த ஓவியர் என்பது வாசகருக்குப் போதும்.

எங்கள் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமானதும் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு சிறிய குடியிருப்புக்குப் போக முடிவு செய்தார். உள்ளூர் ஏலக்காரர் வந்து அலமாரி, பீங்கான், சுவர்க் கடிகாரம், படங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டார். நடையில் மாட்டியிருந்த, கண்ணாடிச் சட்டமிட்ட சிறிய படம் ஒன்று, ‘பிரெஞ்சு ஓவியம், 20-ஆம் நூற்றாண்டு, வடிவக் கோவை, தாளின் மேல் கரியும் ஒட்டுத் தாளும், கையொப்பம் இல்லை’ என்று அதில் ஏறியது. நல்லதொரு சாப்பாட்டு மேசைக்குக் கிடைக்கக்கூடிய விலைக்கு ஒரு கலைப்பொருள் வியாபாரி அதை எடுத்தார். சில காலம் கழித்துப் பாரிஸில் நடக்கவிருந்த பெரிய ஏலம் ஒன்றின் பட்டியலில் அதே படம் ஓவியரின் பெயரோடு அச்சாகி வந்தது. தலைப்பு: ‘சுங்கான், கோப்பை, செய்தித்தாள்’. மதிப்பீட்டு விலை, அம்மையார் விற்ற விலையைப் போல் நூறு மடங்குக்கும் மேல். உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நாங்கள் உடனே மனுப் போட்டு அந்த ஏலத்தை நிறுத்தினோம். வழக்கு முடியும்வரை படத்தை ஒரு மூன்றாவது நபரின் பாதுகாப்பில் வைக்க நீதிபதி உத்தரவிட்டார்.

நம் ஊர் வாசகர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். விற்றவர் தன் பொருளின் அருமை தெரியாமல் விற்றுவிட்டால், அதற்கு வாங்கியவர் எப்படிப் பொறுப்பு? நியாயமான கேள்விதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஒப்பந்தம் செய்தவர்களில் ஒருவர் மட்டும் விவரம் தவறிப்போனதை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. இரு தரப்பும் சேர்ந்து தவறாக நினைத்திருந்தால்தான் 20-ஆவது பிரிவு உதவிக்கு வரும். பிரெஞ்சுச் சட்டத்தின் வழி வேறு. பொருளின் சாரமான தன்மையைப் பற்றி ஒரு தரப்புக்கு மட்டும் பிழையான எண்ணம் இருந்திருந்தாலும், அந்தச் சம்மதம் கெட்டுப்போன சம்மதம், விற்பனை செல்லாது. வாங்கியவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இந்த விதியால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்பவர்கள் உண்டு. சம்மதம் என்றால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சம்மதிப்பது என்பதே என் கட்சி. அதனால் இந்த ஒரு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பக்கம் நிற்கிறேன்.

எங்களுக்கு முன்னோடியாக ஒரு வழக்கு இருந்தது. 1968-இல் ஒரு தம்பதி, கராச்சி என்ற இத்தாலிய ஓவியக் குடும்பத்தின் வழிவந்தது என்று ஒரு நிபுணர் சொன்னதை நம்பித் தங்கள் பழைய படமொன்றை 2,200 ஃபிராங்குக்கு ஏலத்தில் விட்டார்கள். அரசுக்குள்ள முன்னுரிமையைப் பயன்படுத்தி லூவ்ர் அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொண்டு, புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் நிக்கொலா பூசான் தீட்டியது என்று பெயரிட்டு மக்கள் பார்வைக்கு வைத்தது. தம்பதி வழக்குப் போட்டார்கள். அது கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. உச்ச நீதிமன்றம் 1978-இலும் 1983-இலும் தலையிட்டு, 1987-இல் வெர்சாய் மேல் நீதிமன்றத்தில்தான் விற்பனை ரத்தானது. அதற்குள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழிந்திருந்தன. படம் பூசானுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பூசானுடையதாக இருக்கவே முடியாது என்று நம்பி விற்றதும், இருக்கக்கூடும் என்பது பின்னால் தெரியவந்ததுமே போதும். அந்த வழக்கு நிலைநாட்டிய கொள்கை அது.

ஆனால் அதே 1987-இல் எதிர்ப்பக்கத்துக்கு உதவும் தீர்ப்பும் ஒன்று வந்தது. பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனாரின் ‘தாழ்ப்பாள்’ என்ற ஓவியம் 1933-இல் ‘ஃபிராகோனாருடையதாகக் கருதப்படுவது’ என்ற குறிப்போடு விலைபோயிருந்தது. அசல் என்று பின்னால் உறுதியானதும் விற்றவர் தரப்பு ரத்து கேட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. ‘கருதப்படுவது’ என்று சொல்லி விற்றவர், அசலாக இருக்கவும் கூடும் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே விற்றிருக்கிறார். தெரிந்து ஏற்றுக்கொண்ட சந்தேகம் பிழையாகாது. ஏலப் பட்டியலில் இந்தச் சொற்களுக்கு என்னென்ன பொருள் என்று 1981-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றே வகுத்துவைத்திருக்கிறது. வியாபாரி எங்கள் கட்சிக்காரரை ஏமாற்றினார் என்று வாதாடும் வழியும் அடைபட்டிருந்தது. பால்டுஸ் என்ற 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரரின் படங்கள் பற்றிய வழக்கில், பொருளின் உண்மை மதிப்பை விற்பவருக்குச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்று 2000-இல் தீர்ப்பாகிவிட்டது. எங்களுக்கு எஞ்சியிருந்தது பிழை என்ற ஒரே ஒரு வாசல்.

அந்த வாசலுக்கும் ஒரு பூட்டு உண்டு: பிழை மன்னிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். சற்றுக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் இருந்தவருக்குச் சட்டம் உதவாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். அவர் நேராக அந்தப் பூட்டில்தான் கை வைத்தார். அம்மையாரின் மாமனார் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். வீட்டுக்கு வாங்கிய பொருள்களை ஒவ்வொன்றாக எழுதிவைக்கும் பழக்கமுள்ள மனிதர். அதில் 1923 மே மாதத்துக் குறிப்பொன்றின் கீழ், துருவோ ஏலக்கூடம், கான்வைலர் ஏலம், சுங்கானுள்ள நிலைப்பொருள் படம் ஒன்று என்று ஒரு வரி இருந்தது. குறிப்பேடு அம்மையாரின் மேசை இழுப்பறையில் இருந்ததை நாங்களே ஒப்புக்கொண்டோம். சொத்துப் பட்டியல் எடுத்தபோது அதுவும் பதிவாகியிருந்தது. கான்வைலர் என்ற பெயரைத் தன் கைவசம் வைத்திருந்தவர், படத்தின் அருமை தெரியவில்லை என்று இன்று சொல்வது எப்படி? இதுதான் எதிர்வாதம். கட்டைப் படித்துவிட்டு என் சீனியர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்தப் பெயரின் கனம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டானியல்-ஹென்றி கான்வைலர் 1884-இல் மான்ஹைம் நகரில் பிறந்த ஜெர்மானியர். 1907-இல் பாரிஸின் வின்யோன் தெருவில் ஒரு சிறிய கலைக்கூடம் திறந்தார். ஊர் சிரித்த காலத்தில் பிராக்கையும் பிக்காசோவையும் நம்பி, அவர்கள் வரைந்ததை எல்லாம் வாங்கிவைத்தார். 1914-இல் போர் வெடித்தபோது அவர் இத்தாலியில் இருந்தார். பிரான்ஸுக்குத் திரும்ப முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தங்கிவிட்டார். பாரிஸில் இருந்த அவருடைய சரக்கு முழுவதையும் எதிரி நாட்டவர் சொத்து என்று பிரெஞ்சு அரசு முடக்கியது. போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தத்தின் 297-ஆவது பிரிவு, வென்ற நாடுகள் தங்கள் எல்லைக்குள் உள்ள ஜெர்மானியர் சொத்தை விற்றுக்கொள்ளலாம், உடையவருக்கு ஈடு கொடுப்பது ஜெர்மனியின் பொறுப்பு என்றது. அந்தப் பிரிவின்படி 1921 ஜூன், நவம்பர், 1922 ஜூலை, 1923 மே என நான்கு தவணைகளில், 700-க்கும் மேற்பட்ட படைப்புகள் துருவோ ஏலக்கூடத்தில் சுத்தியலின் கீழ் வந்தன.

சட்டத்தின் எழுத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த எழுத்து யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். பிராக் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் போரிட்டு 1915-இல் தலையில் குண்டுபட்டு, மண்டையோட்டைத் திறந்து செய்த அறுவைச் சிகிச்சையில் பிழைத்து வந்தவர். அவருடைய படங்கள் எதிரியின் பொருளாக ஏலம் போயின. பிக்காசோவும் ஹுவான் கிரிஸும் ஸ்பெயின்காரர்கள். போரில் சேராத நாட்டவர். அத்தனை படங்களும் குறுகிய காலத்தில் சந்தைக்கு வந்ததால் அவர்களுடைய பிழைப்புக்கு ஆதாரமான விலையும் சேர்ந்து சரிந்தது. ஏலத்துக்கு நிபுணராக இருந்தவர் லெயோன்ஸ் ரோசன்பெர்க் என்ற மற்றொரு கலை வியாபாரி. முதல் ஏலத்தின்போது பிராக் கோபம் தாளாமல் அவரைத் தாக்கினார். கான்வைலர் தன் நண்பர்களோடும் உறவினரோடும் ஒரு கூட்டு அமைத்து, தன்னுடையதாக இருந்த படங்களில் ஒரு பகுதியைத் தானே விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. கையில் அதிகப் பணமில்லாத கவிஞர்களும் இளைஞர்களும்கூட வாங்கும் விலைக்குப் படங்கள் இறங்கின. எங்கள் கட்சிக்காரரின் மாமனாரும் அப்படி வாங்கியவர்களில் ஒருவர்.

சரி, குறிப்பேடு இருந்தும் அம்மையாருக்கு ஏன் தெரியவில்லை? அவர் சொன்ன பதில் எளிமையானது. அந்த வரியை அவர் படித்திருக்கிறார். கணவர் உயிரோடு இருந்தபோது இருவருமாக வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். சுங்கான் உள்ள படம் எதுவும் அகப்படவில்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே போயிருந்தது; திரும்பி வந்தபோது சில பொருள்கள் காணாமல் போயிருந்தன. அவற்றோடு அந்தப் படமும் போயிருக்கும் என்று கணவர் முடிவுகட்டினார். நடையில் தொங்கிய படத்தை அவர்கள் தினமும் கடந்துபோனார்கள். அதில் பழுப்பு நிறத்தில் சில துண்டுத் தாள்கள், கரிக்கோடுகள், மரத்தின் ரேகை போன்ற ஒரு பட்டை. சுங்கானை அதில் பார்த்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஆக வழக்கின் முழு பாரமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. சுங்கான் பளிச்சென்று தெரிவதாக இருந்தால், குறிப்பேட்டையும் படத்தையும் இணைத்துப் பார்க்காதது அம்மையாரின் அலட்சியம். தெரியாது என்றால், அவருடைய பிழை மன்னிக்கத்தக்கது. கையில் கிடைத்த சாட்சியமே ஒருவருக்கு எதிராகத் திரும்புவதைத் தொழிலில் பல முறை பார்த்திருக்கிறேன். அவர் அந்தக் குறிப்பேட்டை எரித்திருந்தால் வழக்கு சுலபமாகியிருக்கும் என்ற எண்ணம், நேர்மையான மனிதருக்காக வாதாடும் வழக்கறிஞரை உறுத்தாமல் இருக்காது.

நீதிமன்றம் ஒரு நிபுணரை நியமித்தது. அந்நாட்டு நடைமுறையில் இந்த நிபுணர் எந்தத் தரப்புக்கும் உரியவரல்ல; நீதிபதியின் கண்ணாக இருந்து பார்த்து அறிக்கை தருபவர். இரு தரப்பும் அவர் முன் வந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம். அவர் அவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நீதிபதிகளும் வழக்கப்பொருளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள விதியில் இடம் உண்டு. பெரும்பாலும் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. இந்த வழக்கின் தலைமை நீதிபதி எடுத்துக்கொண்டார். படம் காவலில் இருந்த அறைக்கு அவரே வந்தார். நாங்கள் எல்லோரும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நின்றோம். கண்ணாடியைக் கழற்றி, படத்தை மல்லாக்க வைத்திருந்தார்கள்.

நிபுணர் அவசரப்படவில்லை. இந்த ஓவியர்களின் பாணியான கியூபிசத்தில் அமைந்த நிலைப்பொருள் படத்தைப் படிப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கினார். நாம் ஒரு மேசையைப் பார்க்கும்போது ஓரிடத்தில் நின்று பார்க்கிறோம். பழைய ஓவியர்களும் அப்படித்தான் வரைந்தார்கள். இவர்கள் நின்ற இடத்தை மாற்றினார்கள். கோப்பையின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், அதன் உடல் எப்படி வளைகிறது என்பதும் தெரியும். அந்த இரண்டையும் ஒரே தாளில் வைக்க வேண்டும் என்றால், வாயை மேலிருந்து பார்த்த வட்டமாகவும் உடலைப் பக்கத்திலிருந்து பார்த்த கோடாகவும் போட வேண்டும். படத்தின் வலப்பக்கத்தில் கரியால் போட்டிருந்த வட்டத்தையும், அதிலிருந்து விலகி நின்ற வளைகோட்டையும் காட்டி, இவை இரண்டும் ஒரே கோப்பை என்றார். அவர் சொன்ன பிறகு அது கோப்பையாகத் தெரிந்தது. சொல்வதற்கு முன்னால் என் கண்ணுக்கு அவை தொடர்பில்லாத இரண்டு கோடுகள்.

மர ரேகை போட்ட பட்டை அடுத்து வந்தது. 1912 செப்டம்பரில், சோர்க் என்ற ஊரில் தங்கியிருந்த பிராக், மரம்போல் அச்சிட்ட சுவர்த்தாளை அவிஞ்ஞோன் நகரத்துக் கடையொன்றில் கண்டு வாங்கிவந்து, படத்தில் ஒட்டி, அதன் மேல் கரியால் வரைந்தார். தாள் ஒட்டும் இந்த முறைக்கு அதுவே தொடக்கம். அவர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் வளர்ந்தவர்; மரமென்று தோன்றச் செய்யும் வித்தை அவர் கைக்குப் பழகியது. அதே ஆண்டில் சில மாதம் முன்னதாகப் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒரு நிலைப்பொருள் படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றியிருந்தார். இந்த வகைப் படத்தில் மரப்பட்டை என்பது மேசை. கோடுகள் அதை மேசை என்று காட்டாது. அதன் நிறமும் ரேகையும்தான் காட்டும்.

சுங்கானுக்கு வந்தபோது நிபுணர் ஒரு விளக்கை எடுத்துப் படத்தின் பக்கவாட்டில், மேசையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்தார். செய்தித்தாள் துண்டின் கீழ் விளிம்பு நேராக இல்லை. கத்தரி அதில் வளைந்து ஓடியிருந்தது. அந்த வளைவு ஒரு சிறு கிண்ணம்போல் குழிந்து, பிறகு ஒரு நீண்ட மெல்லிய காம்பாக நீண்டது. சுங்கானை ஓவியர் வரையவே இல்லை. செய்தித்தாளில் அதன் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் அடித்தாள் தெரியும்படி விட்டிருந்தார். வெட்டி எடுத்த துண்டும் வீணாகவில்லை. சற்று மேலே, கறுப்பு நீர்வண்ணம் பூசி, நிழலாக ஒட்டியிருந்தார். பிக்காசோ 1912-இல் செய்த வயலின் படம் ஒன்று பாரிஸின் பொம்பிடு மையத்தில் இருக்கிறது. அதில் ஒரே செய்தித்தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வயலினின் உடலாகவும் மறு பாதியைத் திருப்பிப்போட்டுப் பின்னணியாகவும் வைத்திருக்கிறார். இந்தச் சிந்தனை எங்கிருந்து வருகிறது என்று விளக்க நிபுணர் அதையே சான்றாகக் காட்டினார்.

பிறகு அவர் சொன்னதுதான் வழக்கைத் தீர்த்தது என்று நான் நினைக்கிறேன். மலிவான செய்தித்தாள் மரக்கூழால் செய்தது. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகும். அடித்தாளும் நல்ல தாள் அல்ல, அதுவும் பழுத்திருந்தது. படம் புதிதாக இருந்தபோது சாம்பல் நிறச் செய்தித்தாளுக்கு நடுவே சுங்கான் வெள்ளையாக எடுப்பாகத் தெரிந்திருக்கும். வியாபாரி தேடிக் கண்டுபிடித்த பழைய கறுப்பு வெள்ளை நிழற்படத்தில் அப்படித்தான் தெரிந்தது. பல பத்தாண்டுகள் நடையில் வெயில் பட்டுத் தொங்கியதில், வெட்டிய இடமும் வெட்டாத இடமும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. மாமனார் 1923-இல் பார்த்து எழுதியது உண்மை. மருமகள் பார்த்தபோது அங்கே சுங்கான் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

என் சீனியர் இதோடு ஒரு வாதத்தைச் சேர்த்தார். கான்வைலர் பெர்னில் முடங்கியிருந்த ஆண்டுகளில் கியூபிசத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் 1920-இல் மியூனிக்கில் வெளியானது. பார்ப்பவர் இந்தப் படங்களைத் தன் மனத்தில் சேர்த்துக் கட்டிக்கொள்ள, அவற்றுக்குப் பொருள்களின் பெயரையே தலைப்பாகக் கொடுப்பது நல்லது என்று அதில் அவர் சொல்கிறார். இந்த ஓவியர்களை உலகுக்குக் கொண்டுவந்தவரே தலைப்பின் துணை வேண்டும் என்கிறார். எங்கள் கட்சிக்காரரின் சுவரிலோ தலைப்பில்லாத படம் தொங்கியது. தலைப்பு வேறோர் அறையின் இழுப்பறையில் கிடந்தது. துணையைப் பறித்துக்கொண்டு, ஏன் தெரியவில்லை என்று கேட்பது நியாயமா என்று அவர் கேட்டார்.

கடைசியாக ஒரு சின்னச் சான்று. பழம்பொருள் வாங்கி விற்பவர்கள் ஒவ்வொரு பொருளையும் வாங்கியவுடன் விவரமாக எழுதிவைக்க வேண்டிய பதிவேடு ஒன்று அந்நாட்டில் உண்டு. திருட்டுப் பொருள் கைமாறாமல் இருக்கப் போலீஸ் பார்ப்பதற்காக வைத்த ஏற்பாடு. அதன் நகலை நாங்கள் கேட்டு வாங்கினோம். வியாபாரி இந்தப் படத்தை வாங்கிய அன்று தன் கையால் எழுதியிருந்தது: ‘கலவை வடிவம், கிட்டார் இருக்கலாம்’. படத்தைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, பழைய நிழற்படத்தை மாதக்கணக்கில் தேடிய பிறகே அவருக்குச் சுங்கான் கிடைத்திருக்கிறது. அவர் நேர்மையாக எழுதிய அந்த வரியே எங்களைக் காப்பாற்றியது. தொழிலாகவே படம் பார்க்கிறவர் கிட்டார் என்று எழுதியிருக்கும்போது, ஓர் ஆசிரியை சுங்கானைக் கண்டிருக்க வேண்டும் என்று சொல்வது கடினம்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பட்டியலில் இருந்த விவரம் படத்தைப் பெயரற்ற ஒருவரின் வேலையாகவே காட்டியது, சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அம்மையார் அதை நம்பி விற்றார். அவருடைய பிழை மன்னிக்கத்தக்கது. விற்பனை ரத்து, படம் அவருக்கு, விலைப்பணம் வியாபாரிக்கு. அதோடு, படத்தைச் சுத்தம் செய்து, வரலாற்றைத் தேடி, அதன் உண்மையை வெளியே கொண்டுவந்த உழைப்புக்காக வியாபாரிக்கு ஒரு தொகையையும் அம்மையார் தர வேண்டும் என்றார்கள். 1992-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற கொள்கை அது. பிறர் உழைப்பால் ஒருவர் காரணமின்றிச் செல்வம் பெறக் கூடாது. வியாபாரி இல்லாவிட்டால் அந்தச் சுங்கானை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொகை பெரிதுதான், ஆனாலும் அந்தப் பகுதியும் சரியான தீர்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன். மேல்முறையீட்டிலும் அது நின்றது.

வென்ற பிறகு வந்த கடிதம்தான் மனத்தை வருத்தியது. இறந்தவர் விட்டுச்சென்ற வீட்டுப் பொருள்களை இரண்டு ஆண்டுக்குள் பொது ஏலத்தில் விற்றால், அந்த விலையையே வாரிசு வரிக்கான மதிப்பாக எடுத்துக்கொள்வது பிரெஞ்சு விதி. ஏலம் ரத்தானதும் அந்த மதிப்பும் சேர்ந்து போய்விட்டது. கணவர் இறந்த நாளில் படத்தின் உண்மையான மதிப்பு என்ன என்று வரித்துறை கேட்டது. இன்று அங்கே கணவன் மனைவிக்கிடையே வாரிசு வரி இல்லை. 2007-இல் அதை நீக்கிவிட்டார்கள். அவர் கணவர் இறந்தது அதற்கு முன்னால். அந்த வரியைக் கட்டவும், வியாபாரிக்குரிய தொகையைக் கொடுக்கவும் அம்மையாருக்கு வேறு வழி இல்லை. மீட்ட படத்தை அவர் மறுபடியும் ஏலத்தில் விட்டார். இம்முறை பட்டியலில் ஓவியரின் பெயரும் சுங்கானும் இருந்தன. எல்லாம் போக மிஞ்சியது அவர் கடைசிக் காலத்தை நல்ல பராமரிப்பில் கழிக்கப் போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் முன்னோர் வாங்கிவைத்த படமோ சிலையோ இருக்கலாம். யாரிடம், எப்போது வாங்கியது, அதில் இருப்பது என்ன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், அதை ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடேயே சேர்த்து வையுங்கள். மாமனார் எழுதிய அந்த ஒரு வரி இழுப்பறையில் இல்லாமல் படச்சட்டத்தின் பின்பலகையில் இருந்திருந்தால், இந்த வழக்குக்கே தேவை வந்திருக்காது.